வேலையை விடாமல் பட்டம் முடிக்க: அமெரிக்காவின் லாப நோக்கற்ற கல்லூரிகளில் சேரும் முறை

பாதியில் நின்றுபோன படிப்பை, வேலையையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டே முப்பத்தைந்து, நாற்பது வயதில் முடிக்க நினைப்பவர்களுக்கென்றே அமெரிக்காவில் சில தனியார், லாப நோக்கற்ற கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆல்பனியில் உள்ள எக்செல்சியர் பல்கலைக்கழகம் 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் வெளிநிலைப் பட்டத் திட்டமாக, அதாவது வளாகத்துக்கு வராமலே பட்டம் பெறும் திட்டமாகத் தொடங்கி, 1998-இல் தனி நிறுவனமானது. மேற்கு மாநிலங்களின் ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் நிறுவிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் முழுக்க இணையவழியில் நடக்கிறது. இவற்றைப் போன்ற ஒன்றில் சேர விரும்புபவர் விண்ணப்பிப்பதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்தாம் அதிகம்.

முதலில் கல்லூரியின் அங்கீகாரத்தைக் கூட்டாட்சிக் கல்வித் துறையின் இணையதளத்தில் நீங்களே தேடிச் சரிபாருங்கள். சேர்க்கை அலுவலர் தொலைபேசியில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். லாப நோக்கற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தரும் படிவம் 990 பொதுமக்கள் பார்வைக்கு உரியது என்பதால், வரவு செலவையும் தலைவரின் சம்பளத்தையும் அதில் பார்க்கலாம். லாபத்துக்காக நடத்தப்பட்ட ஐடிடி டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரி 2016 செப்டம்பரில் தன் வளாகங்களை மூடியபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த பலர் தாங்கள் சேர்த்த கிரெடிட்டுகளை (பாடங்களில் தேறி ஈட்டும் புள்ளிகளை) வேறெங்கும் கொண்டுபோக முடியாமல் தவித்தார்கள்.

அடுத்தது பழைய கிரெடிட்டுகள். என் அனுபவத்தில் பணமும் காலமும் மிச்சமாவதும் வீணாவதும் இந்த இடத்தில்தான். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவை. நீங்கள் எப்போதோ ஒரே ஒரு பாடம் எடுத்துவிட்டு மறந்துபோன சமுதாயக் கல்லூரி உட்பட, படித்த எல்லா இடங்களிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலை வரவழையுங்கள். மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் உறவினர் ஒருவர் பழைய காகிதப் பெட்டியைக் குடைந்தபோது, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தேறிய புள்ளியியல் பாடத்தின் மதிப்பெண் தாள் கிடைத்தது. அந்த ஒரு தாளால் அவர் பயந்துகொண்டிருந்த பாடமே இல்லாமல் போயிற்று. ராணுவப் பயிற்சிக்கும் சில தொழிற்சான்றிதழ்களுக்கும் கிரெடிட் தரப்படுவதுண்டு. வகுப்புக்குப் போகாமலே கல்லூரிப் பாடத்துக்குக் கிரெடிட் பெற எழுதும் க்ளெப் தேர்வில் 20 முதல் 80 வரையுள்ள அளவுகோலில் 50 எடுத்தாலே பல கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. இந்தியாவில் படித்தவர்கள் மதிப்பெண் பட்டியலை, அது அமெரிக்கப் படிப்பில் எதற்குச் சமம் என்று கணித்துச் சொல்லும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வழியாக அனுப்ப வேண்டியிருக்கும். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், முதலில் தொடங்க வேண்டிய வேலை அதுவே. எத்தனை கிரெடிட் ஏற்கப்படும், இன்னும் எந்தெந்தப் பாடங்கள் மீதி என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டணம் செலுத்துங்கள்.

பணத்துக்கு முதலில் ஃபாஃப்ஸா எனப்படும் கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்புங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து, திருப்பிக் கட்ட வேண்டாத பெல் உதவித்தொகை கிடைக்கலாம். ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் கூட்டாட்சி உதவி அவர்களுக்கு இல்லை. வேலை தரும் நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை உங்கள் படிப்புக்குக் கொடுத்தால் அதற்கு வருமான வரி கிடையாது. சில நிறுவனங்கள் ‘பி’ கிரேடு எடுத்தால்தான் பணம் தரும். வெஸ்டர்ன் கவர்னர்ஸிலோ எழுத்துக் கிரேடே இல்லை, தேர்ச்சி என்றாலே ‘பி’க்குச் சமம் என்பதே அவர்களின் கணக்கு. ஆகவே அதை உங்கள் மனிதவளத் துறை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வெஸ்டர்ன் கவர்னர்ஸில் கட்டணம் ஆறு மாதப் பருவத்துக்கு மொத்தமாக வாங்கப்படுகிறது. அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் பணம் கேட்பதில்லை. இளநிலை மாணவர் ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 அலகுகள் (அங்கே கிரெடிட்டுக்கு இணையானவை) எடுக்க வேண்டும். எடுத்தவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது முடிக்காவிட்டால் நிதியுதவிக்கு ஆபத்து. அதனால் தெரிந்த பாடத்தில் முன்மாதிரித் தேர்வை முதல் வாரமே எழுதி, தேறும் நிலையில் இருந்தால் உடனே உண்மைத் தேர்வுக்கு நேரம் பதிந்து, மிச்சமாகும் வாரங்களைக் கடினமான பாடத்துக்குக் கொடுங்கள். உங்களுக்கென ஒதுக்கப்படும் வழிகாட்டி தொலைபேசியில் அழைக்கும்போது, வேலைப்பளுவால் பின்தங்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டவணையை மாற்றித் தரவே அவர் இருக்கிறார்.

தேர்வை வீட்டிலிருந்தே, கேமராவின் முன் எழுத வேண்டும். கண்காணிப்பாளர் மேசையையும் அறையையும் கேமராவில் சுற்றிக் காட்டச் சொல்வார். மேசையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கக் கூடாது, இடையில் யாரும் அறைக்குள் வரக் கூடாது. குழந்தைகள் எழுவதற்கு முந்தைய அதிகாலை நேரத்தைப் பதிந்துகொண்டு, இணைய இணைப்பையும் கேமராவையும் முதல் நாள் இரவே சோதித்து வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.