பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ காலியா?

பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ (குடும்பப் பெயர்) கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால், அப்பா பெயரை அதில் சேர்த்து, பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் புதிதாக வாங்கிவிடுங்கள். நமக்கு இனிஷியல் போதும். அங்கே இரண்டு பெயர் வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொண்டால், விசாவில் ‘கார்த்திக்’ என்பதே குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அச்சாகும். அப்புறம் வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் என்று அதுவே கூடவே வந்து படுத்தும்.

அமெரிக்கக் கல்லூரி அனுப்பும் சேர்க்கைப் படிவமான ஐ-20 ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டதா? சரி, இப்போது பெயரில் கை வைக்காதீர்கள். ஐ-20-இல் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போவதுதான் முக்கியம்.