சின்ன டிஜிட்டல் கேமரா முரண்டு பிடித்தால்: கடைக்குக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தைப்பூசக் காவடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஓராண்டாக அலமாரியில் கிடந்த சிறிய டிஜிட்டல் கேமராவை எடுத்துப் பொத்தானை அழுத்தி, அது அசையாமல் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொரிசியசில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இந்தக் கேமராக்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டே காவடி எடுப்பவரின் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவர, லென்ஸ் முன்னால் நீண்டு பெரிதாக்கும் ஜூம்தான் கைகொடுக்கிறது. பழுது என்று நாம் பதறுவதில் பெரும்பகுதி பேட்டரி, கார்டு, மெனுவில் மாறிப்போன ஓர் அமைப்பு, ஈரம் ஆகிய நான்கில் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

உயிரே வரவில்லை என்றால்

முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் காலியாகும். ஆகவே விளக்கு நிறம் மாறும்வரை முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகே அடுத்த சந்தேகத்துக்குப் போக வேண்டும். பேட்டரியின் உலோகத் தொடுமுனைகளைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அம்புக்குறி காட்டும் திசையில், பக்கவாட்டுக் கொக்கி சொடுக்கென்று பிடிக்கும்வரை உள்ளே தள்ளுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. புதிதாக வாங்குவதுதான் ஒரே வழி.

சாதாரண பென்சில் பேட்டரி போடும் கேமராவாக இருந்தால், 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி சில படங்களிலேயே களைத்துவிடலாம். எண் குறைவாகத் தெரிந்தாலும், 1.2 வோல்ட் கொண்ட ரீசார்ஜ் செய்யத்தக்க நிக்கல் பேட்டரி, லென்ஸ் மோட்டாருக்கும் ஃபிளாஷுக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் மின்னோட்டத்தைத் தளராமல் தருவதால், நெடுநேரம் உழைக்கும்.

கேமரா உயிர்பெற்றும் தேதி ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திரும்பினால், உள்ளே இருக்கும் சிறிய துணை பேட்டரி காலியாகியிருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு ஒரு நாள் அப்படியே வைத்தால், பல மாடல்களில் அது தானாகவே நிரம்பிவிடும்.

மெமரி கார்டு

‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்ற செய்தி வந்தால், கார்டின் விளிம்பில் நகத்தால் தள்ளக்கூடிய சிறிய நெம்பு ஒன்று இருக்கிறது. அதைக் கார்டின் உலோகத் தொடுமுனைகள் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் போதும். கார்டையே கேமரா அடையாளம் காணவில்லை என்றால் அதன் கொள்ளளவைப் பாருங்கள். பழைய எஸ்டி கார்டுகள் 2 ஜிபி வரைதான். 32 ஜிபி வரை செல்லும் எஸ்டிஹெச்சி வகை 2006இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவில் புதிய 16 ஜிபி கார்டைச் செருகிவிட்டுக் கேமராவைக் குறை சொல்வது நியாயமில்லை.

‘ஃபார்மேட் செய்யவா?’, அதாவது கார்டில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கவா, என்று கேட்கும்போது கார்டில் உங்கள் படங்கள் இருக்குமானால், ஆம் என்று அழுத்தாதீர்கள். அழிந்த படங்களின் மேல் புதிய படம் பதியாதவரை அவற்றை மீட்க வாய்ப்பிருப்பதால், கார்டை உடனே வெளியே எடுத்து, கணினியில் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடிப் பாருங்கள். படங்களைக் கணினிக்கு மாற்றிய பிறகு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யும் பழக்கம் நல்லது.

படம் தெளிவாக விழாவிட்டால்

புதிதாகக் கேமரா பிடிப்பவர்கள் பொத்தானை ஒரே அழுத்தாக அழுத்திவிடுகிறார்கள். பாதி அழுத்தி, திரையில் பச்சைக் கட்டம் தோன்றும்வரை காத்திருந்து, பிறகு மீதியை அழுத்த வேண்டும். கட்டம் சிவப்பாகவோ மஞ்சளாகவோ இமைத்தால் லென்ஸ் இன்னும் குவியவில்லை என்று பொருள். இதைப் பழக எளிய வழி ஒன்றுண்டு. நம் நூறு ரூபாய்த் தாளை மேசையில் விரித்து, அதிலுள்ள தமிழ் எழுத்துகளைச் சில விரற்கடைத் தூரத்திலிருந்து படமெடுங்கள், எழுத்துகள் மங்கும். பிறகு மிக அருகில் உள்ளதைப் படமெடுப்பதற்கான, பூப் படம் போட்ட மேக்ரோ அமைப்பை இயக்கி, ஜூமை முழுவதும் பின்னுக்கு இழுத்து, மறுபடி எடுங்கள். எழுத்தின் வளைவுகள்கூடத் துல்லியமாகத் தெரியும். அதே மேக்ரோவை அணைக்க மறந்து கோபுரத்தை எடுத்தால், கேமரா குவிய முடியாமல் தடுமாறும், சில மாடல்களில் கோபுரம் மங்கலாகவே விழும்.

கோவிலுக்குள் மாலை வேளையில் எடுத்தவை இழுபட்டதுபோல் இருந்தால் அது குவியக் குறையன்று, கை நடுக்கம். தூணில் சாய்ந்து நின்று, இரண்டு விநாடி டைமரைப் பயன்படுத்துங்கள். சிறிய கேமராவின் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் எட்டாது என்பதையும் மறவாதீர்கள்.

படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்களை ஆவி என்று என் அத்தை உறுதியாக நம்பினார். அவை லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் விபூதித் துகளும் தூறல் துளியும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் விழுபவை. ஃபிளாஷை அணைத்தால் மறைந்துவிடும்.

லென்ஸ் பாதியில் நின்றுவிட்டால்

நம் தீவில் இதுதான் பெரிய தொல்லை. ஃப்ளிக் அன் ஃப்ளாக் கடற்கரையில் என் கேமரா ஒரு நிமிடம் துண்டின்மேல் இருந்தது; அடுத்த முறை இயக்கியபோது கரகரவென்று அரைபடும் ஓசை எழுந்து, லென்ஸ் பாதி நீண்டபடி நின்றுவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக நீளும் லென்ஸ் வளையங்களின் இடுக்கில் ஒரே ஒரு மணல் பருக்கை இருந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் தேயும்.

முதலில் பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வையுங்கள். லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைப் பிடித்து, ரப்பர் ஊதுகுழலால் வளையத்தைச் சுற்றி ஊதி, மென்மையான தூரிகையால் இடுக்கைத் துடைத்துவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் மணலை ஒட்டவைக்கும். எண்ணெயும் விடாதீர்கள், அது கண்ணாடிக்குப் பரவும். பேட்டரியைத் திரும்பப் போட்டு, லென்ஸ் கீழ்நோக்கியே இருக்க, கையால் தொடாமல் இயக்கிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது முயற்சியில் அது உள்ளே போனது. உங்களுக்குப் போகாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷ் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

ஈரம்

குளிரூட்டிய காரிலிருந்து கடற்கரையின் வெக்கைக்கு இறங்கியதும் லென்ஸ் பனி பூக்கும். துடைக்காதீர்கள். அடுத்த முறை இறங்குமுன் காரிலேயே ஜிப் பையில் மூடி, அப்படியே கேமராவைக் காற்றின் வெப்பத்துக்குப் பழகவிடுங்கள். நீர் பையின் மேல்தான் படியும். கியூர்பிப் போன்ற மேட்டு நிலத்தில், மழையும் மூடுபனியும் நாள்கணக்கில் நீடிக்கும்போது, தோலுறைக்குள் மூடிவைத்த லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். இறுக்கமாக மூடும் டப்பாவில், காலணிப் பெட்டிகளில் கிடைக்கும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது போதுமான காப்பு. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து இயக்கிப் பாருங்கள். கடல்நீரில் விழுந்துவிட்டால், இயக்கிப் பார்க்காமல் உடனே பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். உப்பு பட்டது என்று பழுது பார்ப்பவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது கார்டை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, திரையில் தோன்றிய பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பழுதுக்கூலி இவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பிரிக்கச் சொல்லுங்கள்.