ஒன்ராறியோவில் மசாஜ் தெரபிஸ்டாகப் பதிவு பெறும் வழி

ஊரில் சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடும் முறையான தொக்கணமோ ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சையோ பழகிய கையோடு கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் அதையே தொழிலாகத் தொடர விரும்பும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் மேசையும் எண்ணெயும் வாங்குவதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்ராறியோவில் இத்தொழில் 1919 முதல் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. இன்று நடைமுறையில் இருப்பவை 1991ஆம் ஆண்டின் மசாஜ் தெரபிச் சட்டமும், அதே ஆண்டின் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழில்கள் சட்டமும் ஆகும். இவற்றின்படி பதிவு வழங்குவதும், முறைப்பாடுகளை விசாரிப்பதும், தவறியவரின் பதிவை நீக்குவதும் ஒன்ராறியோ மசாஜ் தெரபிஸ்டுகள் கல்லூரியின் பொறுப்பு. அது பாடம் நடத்தும் இடமன்று. பொதுமக்களைக் காப்பதற்கென அமைந்த ஒழுங்காற்று மன்றம்.

உடம்பு பிடித்துவிடுவதைச் சட்டம் எல்லோருக்கும் தடைசெய்யவில்லை. அது காப்பது தொழிற்பெயரை. பதிவில்லாத ஒருவர் தம்மை மசாஜ் தெரபிஸ்ட் என்றோ, பதிவு பெற்ற மசாஜ் தெரபிஸ்ட் என்பதைக் குறிக்கும் ஆர்எம்டி என்ற சுருக்கத்தாலோ, வேறு மொழியில் அதற்கு ஈடான சொல்லாலோ அழைத்துக்கொள்ளக் கூடாது. தமிழில் எழுதிய பெயர்ப்பலகைக்கும் இது பொருந்தும். முதல் குற்றத்துக்கு 25,000 டொலர் வரையும், அடுத்தவற்றுக்கு 50,000 டொலர் வரையும் அபராதம் விதிக்கலாம். ரொறன்ரோ நகராட்சி வழங்கும் வணிக உரிமத்தை இந்தப் பதிவுக்கு மாற்றாகக் கருதிவிடக் கூடாது. அந்த உரிமம் கடை நடத்தும் அனுமதியே தவிர, சுகாதாரத் தொழிலாளி என்ற தகுதியைத் தராது.

முதற்படி படிப்பு. ஒன்ராறியோவில் மசாஜ் தெரபி டிப்ளோமா பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். உடற்கூறியல், நோயியல், சிகிச்சைத் திட்டமிடல் ஆகியவற்றுடன் மேற்பார்வையில் நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கும் பயிற்சியும் அதில் அடங்கும். அரசுக் கல்லூரிகளிலும் தனியார் தொழிற்கல்லூரிகளிலும் இது கற்பிக்கப்படுகிறது. கட்டணம் கட்டுமுன், அந்தப் படிப்பு பதிவுக்கு ஏற்கப்படுமா என்பதை ஒழுங்காற்று மன்றத்திடமே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சில வாரங்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரம் செய்யும் வகுப்புகளை நம்பிச் சேமிப்பைச் செலவிட வேண்டாம். அவை எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் பதிவுக்கு உதவா. வெளிநாட்டில் முறையாகப் பயின்றவர்கள் பாடத்திட்டம், மணிக்கணக்கு, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைச் சமர்ப்பித்துத் தகுதி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆவணங்களை ஊரிலுள்ள நிறுவனத்திடமிருந்து வரவழைக்கப் பல மாதங்கள் ஆகக்கூடும் என்பதால், புறப்படுவதற்கு முன்பே திரட்டிவிடுவது நல்லது.

படிப்பை முடித்தவர் அறிவையும் கைத்திறனையும் சோதிக்கும் நுழைவுத் தேர்வுகளில் தேற வேண்டும். அதன்பின் பதிவு விண்ணப்பத்தில் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழித் திறன், தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி ஆகியவற்றைக் காட்ட வேண்டும். குற்றத் தீர்ப்புகளோ, வேறிடத்தில் ஒழுக்க நடவடிக்கைகளோ இருந்தால் அவற்றை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா, நியூ பிரன்சுவிக் போன்று இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் மாகாணங்களில் ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் எளிதாக மாறி வரலாம். அல்பேர்ட்டாவிலும் கியூபெக்கிலும் அரசுப் பதிவு இல்லாததால், அங்குத் தொழில் செய்தவர்களுக்கு அந்த வழி இல்லை.

பதிவு கிடைத்தபின் மிகக் கவனமாக இருக்க வேண்டியது சம்மதம் பெறுவதில்தான். ஊரில் ‘படுங்கள்’ என்று சொன்னால் போதும். இங்கே என்ன செய்யப்போகிறோம், ஏன் செய்கிறோம், அதில் என்ன இடர் உண்டு, வேறு வழி என்ன என்பதை விளக்கி, நோயாளி ஒப்புக்கொண்ட பிறகே கை வைக்கலாம். மார்பகம், மார்புச் சுவர்த் தசைகள், தொடையின் மேல் உட்பகுதி, பிட்டம் ஆகிய இடங்களுக்கு எழுத்துமூலச் சம்மதம் தேவை. சிகிச்சைக்கு உள்ளாகாத பகுதிகளைத் துணியால் மூடியே வைத்திருக்க வேண்டும். நோயாளி நடுவில் நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்த வேண்டும். நோயாளியுடன் பாலியல் உறவு முற்றிலும் தடைசெய்யப்பட்டது. சிகிச்சை முடிந்து குறைந்தது ஓராண்டு வரை அவர் சட்டத்தின் பார்வையில் நோயாளியே. குற்றம் நிறுவப்பட்டுப் பதிவு நீக்கப்பட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்கவும் முடியாது. வலியோடு வந்து, நம்பி உடையைக் களைந்து படுத்திருப்பவரின் நிலையை எண்ணிப் பார்த்தால் இந்தக் கடுமை முழுக்க நியாயமானது.

அடுத்த ஆபத்து பற்றுச்சீட்டு. மாகாண அரசின் ஓகிப் காப்புறுதி இச்சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை; பெரும்பாலோர் வேலையிடத்துக் காப்புறுதியில்தான் கோருகிறார்கள். அந்நிறுவனங்கள் பதிவு எண்ணைக் கேட்பதால், பதிவில்லாத ஒருவர் அளித்த சிகிச்சைக்கு உங்கள் எண்ணில் பற்றுச்சீட்டு எழுதித் தரும்படி உறவினரோ முதலாளியோ கேட்கக்கூடும். வராத நாளுக்குச் சீட்டுக் கேட்பவர்களும் உண்டு. தயங்காமல் மறுத்துவிடுங்கள். அது காப்புறுதி மோசடி. கேட்டவர் தப்பிவிடலாம், எண்ணுக்குரியவர் தப்ப முடியாது. ஒழுக்கத் தீர்ப்புகள் இணையத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே நிற்கும், யாரும் அதைப் பார்க்கலாம்.

இனிச் சில நடைமுறைகள். சிகிச்சைப் பதிவுகளைக் கடைசி வருகையிலிருந்து 10 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சிறுவர்களாயின் அவர்கள் 18 வயதை எட்டியதிலிருந்து கணக்கிட வேண்டும். பிற சுகாதாரச் சேவைகள் பலவற்றைப் போலன்றி, இச்சேவைக்கு 13 விழுக்காடு எச்எஸ்டி என்ற விற்பனை வரி உண்டு. ஆண்டு வருவாய் 30,000 டொலரைத் தாண்டினால் வரிக்கணக்குத் திறந்து அதை வசூலிக்க வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், முடிவு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் சுகாதாரத் தொழில்கள் மேன்முறையீட்டு மற்றும் மீளாய்வுச் சபையிடம் மீளாய்வு கோரலாம். அந்தச் சபை ஒழுங்காற்று மன்றத்திலிருந்து தனித்து இயங்குவது என்பதால், நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லப்பட்ட காரணம் ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடமுள்ள ஆவணத்தை வரிசையாக வைத்து எழுதுங்கள்.