கீமோ நேரத்துல ராத்திரி தூக்கம் வரலையா? பகல்ல வீட்ல செய்யுற இந்தத் தப்புகள பாருங்க

கேன்சருக்குக் கீமோ போட்டுட்டு வந்தவங்கள நம்ம வீடுகள்ல எழுந்திரிக்கவே விடமாட்டோம். "நீங்க படுங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்"னு தண்ணி, சாப்பாடு, டிவி ரிமோட் எல்லாம் கட்டிலுக்கே வந்துடும். பாசத்துலதான் செய்யுறோம், ஆனா பகல் பூரா இப்படிப் படுத்தே இருந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க கண்ண முழிச்சுட்டு ஃபேன் சுத்துறத பாத்துட்டு இருப்பாங்க, மறுநாள் இன்னும் அசதி, இன்னும் படுக்கை.

கேன்சர் அசதி வேலை செஞ்ச அசதி மாதிரி தூங்கி எழுந்தா போயிடாது. படுக்கப் படுக்க தசை கரையுது, தசை கரைஞ்சா லிஃப்ட் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது. 2019ல அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டுன நிபுணர் குழு, வாரத்துக்கு 3 தடவ, தடவைக்கு 30 நிமிஷம் மிதமா உடற்பயிற்சி செஞ்சா அசதியும் மனக்கவலையும் குறையும்னு சொல்லிச்சு. தூக்கத்துக்கும் உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு, அசதிக்கு இருக்குற அளவு வலுவான ஆதாரம் இல்ல, ஆனாலும் எனக்கு அது போதும், ஏன்னா நடக்குறதுக்குக் காசும் வேணாம், மாத்திரையும் வேணாம்.

அதுக்காக முதல் நாளே அரை மணி நேரம் இழுத்துட்டுப் போகாதீங்க. காரிடார்ல பத்து நிமிஷம், சாயங்காலம் பிளாக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல பத்து நிமிஷம்னு பிரிச்சுக்கலாம். பேசிக்கிட்டே நடக்க முடியணும், பேச்சு திணறுச்சுன்னா வேகம் அதிகம். நம்ம ஊரு வெயில்ல பதினொரு மணிக்குப் பார்க் கனெக்டர்ல நடக்குறது வேணவே வேணாம், காலைல ஏழரை எட்டுக்கு இறங்குங்க, காலை வெளிச்சம் கண்ணுல பட்டா உடம்புக்கு எது பகல் எது ராத்திரின்னு புரியும்.

இதுக்கு நேர் எதிர்த் தப்பும் இருக்கு, மனசுல தைரியம் இருந்தா போதும்னு எல்லா நாளும் தள்ளுறது. பல கீமோ மருந்துல, போட்ட 7லேர்ந்து 14வது நாளுக்குள்ள ரத்தத்துல கிருமிய எதிர்க்குற வெள்ளை அணு நல்லா இறங்கிடும், அந்த நாள்ல கூட்டமான ஜிம் வேணாம். காய்ச்சல் 38 டிகிரி தொட்டா நடையாவது ஒண்ணாவது, பனடால் போட்டு அமுக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. கையில பிக் லைன் (மருந்து ஏத்த ரத்தக்குழாய்ல போட்டு வெச்சிருக்குற மெல்லிய குழாய்) இருந்தா நீச்சல் கூடாது. பாதம் மரத்துப் போயிருந்தா செருப்ப விட்டுட்டு ஷூ போடுங்க. எலும்புக்குப் பரவியிருந்தா, ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் கம்மியா இருந்தா, எதையும் தூக்குறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயோ பிசியோகிட்டயோ கேட்டே ஆகணும்.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, வாந்தி வராம இருக்கக் குடுக்குற டெக்ஸாமெத்தசோன் ஸ்டெராய்டே தூக்கத்தக் கெடுக்கும். கீமோ முடிஞ்ச ரெண்டு மூணு நாள் ராத்திரி கொட்ட கொட்ட முழிச்சிருந்தா இதுவா இருக்கலாம், காலைலயே போட்டுக்கலாமான்னு நர்ஸ்கிட்ட கேளுங்க, நீங்களா நேரத்த மாத்தாதீங்க, நிறுத்தவும் வேணாம். அப்புறம் மூணு மணிக்கு மேல கோப்பி, தே எதுவும் வேணாம், பால் ஊத்துனாலும் காஃபின் காஃபின்தான். தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுவாங்க, அதப் பகல்லயே குடிச்சு முடிச்சா ராத்திரி நாலு தடவ டாய்லெட்டுக்கு எழுந்திரிக்க வேணாம்.

பகல் தூக்கம் தப்பில்ல, மத்தியானம் மூணு மணிக்குள்ள அரை மணி நேரம், அதுவும் அலாரம் வெச்சு.

இவ்வளவு செஞ்சும் வாரக்கணக்கா தூக்கம் வரலன்னா, "ட்ரீட்மென்ட்னா இப்படித்தான்"னு விட்டுடாதீங்க, நம்ம பெரியவங்க பல பேரு டாக்டர்கிட்ட தூக்கத்தப் பத்தி வாயே திறக்கமாட்டாங்க. வலியா, பயமா, மருந்தான்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க, மாத்திரை இல்லாம தூக்கப் பழக்கத்த மாத்துற சிபிடி-ஐ சிகிச்சையும் இருக்கு. எத்தன மணிக்குப் படுத்தாங்க, எப்ப முழிச்சாங்க, பகல்ல எவ்வளவு நடந்தாங்கன்னு ஒரு வாரம் ஃபோன்ல குறிச்சு வெச்சு, அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல அதக் காட்டுங்க.