குறைமாதக் குழந்தை என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கும்போது நீங்கள் செய்யக்கூடியவை

குறைமாதத்தில் பிறந்துவிட்டது என்றதும் எல்லோரும் கேட்பது எடை எவ்வளவு என்றுதான். எடையும் முக்கியம்தான், ஆனால் அதற்கு முன்னால் எத்தனை வாரத்தில் பிறந்தது என்று கேளுங்கள். 37 வாரத்துக்கு முன் பிறந்தாலே குறைமாதம் என்றாலும், 34 வாரக் குழந்தையும் 26 வாரக் குழந்தையும் ஒன்றல்ல. 28 வாரத்துக்குக் கீழே நுரையீரல், குடல், தோல் எதுவுமே முழுசாகத் தயாராகியிருக்காது, அந்தக் கட்டத்தில் வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தாலே பிழைக்கும் வாய்ப்பு நன்றாக ஏறும்.

இன்னும் பிரசவம் ஆகவில்லை, வலி மட்டும் வந்திருக்கிறதா? என்ஐசியூ உள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். 24 முதல் 34 வாரத்துக்குள் என்றால் ஸ்டீராய்டு ஊசி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள்; அது குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும், மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தையும் குறைக்கும்.

பிறந்த பிறகு மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப், வென்டிலேட்டர், நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து இதெல்லாம் டாக்டர்கள் பாடு. உங்கள் கையில் இருப்பது, சொல்லப்போனால், உங்கள் கைதான். இந்தக் குழந்தைகளுக்குத் தொற்று பெரிய எமன். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், விரல் இடுக்கையும் நகத்தடியையும் விடாதீர்கள், கழுவிய கையால் போனைத் தொட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சளி பிடித்த சொந்தக்காரர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி.

அப்புறம் பால். குழந்தை உறிஞ்சாவிட்டாலும் அம்மா முதல் நாளிலிருந்தே இரவும் பகலுமாக ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது பீய்ச்சி எடுக்க வேண்டும். வருவது நாலு சொட்டு சீம்பால்தான் என்றாலும் கொட்டாதீர்கள், டியூப் வழியாகக் கொடுப்பார்கள். குடல் அழுகும் என்இசி என்ற ஆபத்தான நோய் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது.

கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தோலோடு தோல் படும்படி மார்பில் வைத்துக்கொள்வதை, எப்போது தொடங்கலாம் என்று தினமும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது, முடிந்தவரை பிறந்த உடனேயே, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கழுத்து மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மடங்கினால் மூச்சு அடைக்கும். அப்பாவும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்படி வைத்திருக்கும்போது மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ, வயிறு உப்பினாலோ, கை கால் சில்லிட்டாலோ யோசிக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள், அவர் பத்து தடவை சலித்துக்கொண்டாலும்.