மார்பகப் புற்றுநோய் ஹார்மோன் மாத்திரை: பக்கவிளைவைச் சமாளிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்தபின் தினம் ஒரு சின்ன மாத்திரை மட்டும் மிஞ்சும். பயாப்ஸி அறிக்கையில் ஈஆர் அல்லது பிஆர் பாசிட்டிவ் (ஹார்மோன் சார்ந்த புற்றுநோய்) என்று வந்தவர்களுக்கு அது 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரை தொடரும். மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்சிஃபென் 20 மி.கி. கொடுப்பார்கள். நின்றுபோனவர்களுக்கு லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரோசோல் 1 மி.கி., எக்ஸெமெஸ்டேன் 25 மி.கி. ஆகிய மூன்றில் ஒன்று. டமாக்சிஃபென், செல்லில் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. மற்ற மூன்றும் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கின்றன. ஒருத்திக்குச் சரிப்பட்ட வைத்தியம் இன்னொருத்திக்கு ஆகாமல் போவதற்கு இந்த வேறுபாடே காரணம். அதனால் உங்கள் மாத்திரையின் பெயரை பிராண்டு பெயரோடு நிறுத்தாமல், அட்டையின் பின்பக்கம் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இந்த மூட்டு வலியை எதுக்குத் தாங்கணும்?" என்று பலர் இரண்டாவது, மூன்றாவது ஆண்டிலேயே விட்டுவிடுகிறார்கள். டமாக்சிஃபெனை 5 ஆண்டு முழுதாகச் சாப்பிட்டவர்களுக்கு முதல் 5 ஆண்டுகளில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகவும், அடுத்த 5 ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைகிறது. 15 ஆண்டுக் கணக்கில் இந்த நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஹார்மோன் சார்ந்த புற்றுநோய் 5 ஆண்டுக்குப் பிறகும் திரும்பக்கூடியது. பாதியில் விட்டால் அதன் விளைவு உடனே தெரியாது. ஆபத்தே அதில்தான்.

மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். டமாக்சிஃபென் 5 மி.கி. போதும் என்று காட்டிய ஆய்வு, பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும் இருந்தவர்களுக்கானது. சாதாரண மார்பகப் புற்றுநோய்க்கு அது பொருந்தாது. ஒரு நாள் மறந்துபோனால் அன்றைக்குள் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒரு மாத்திரையே போதும், இரண்டாகப் போட வேண்டாம்.

மூட்டு வலி வந்ததும் உட்கார்ந்துவிடுவது

லெட்ரோசோல் வகை (மேலே சொன்ன மற்ற மூன்று) மாத்திரையை நிறுத்தவைக்கும் முதல் காரணம் மூட்டு வலி. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தொடங்கும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது, முழங்கால் பிடித்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிக்கும், நடமாட ஆரம்பித்தால் கொஞ்சம் இளகும். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று வீட்டார் வேலை செய்ய விடமாட்டார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் இந்த வலிக்கு ஓய்வு எதிரி. அமெரிக்காவில் இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் நடந்த ஆய்வில், வாரம் 150 நிமிடம் வேக நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஓராண்டில் கடும் வலி ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. தினம் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாக ஏற்றுங்கள். எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். பிறகு ஒரு லிட்டருக்குப் போகலாம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால், அந்தக் கைக்கான பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

உடற்பயிற்சியிலும் அடங்காவிட்டால் வழி இருக்கிறது. மருத்துவர் 2 முதல் 4 வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்து, அதே வகையில் வேறொன்றுக்கு மாற்றுவார். லெட்ரோசோல் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்கு எக்ஸெமெஸ்டேன் ஒத்துக்கொள்ளும். அதுவும் முடியாவிட்டால் டமாக்சிஃபென் உண்டு. டுலாக்ஸெடின் என்ற மாத்திரையும் இந்த வலியைக் குறைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடி அதைவிட மோசம். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. லெட்ரோசோல் ஏற்கெனவே எலும்பைக் கரைக்கிறது, ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரட்டை அடி. ஒரே இடத்தில், இரவிலும் விடாமல், நாளுக்கு நாள் கூடும் வலி வேறு வகை. அதை மாத்திரை வலி என்று ஒதுக்காமல் உடனே காட்ட வேண்டும்.

சூட்டுக்கு யாரோ தந்த மாத்திரை

திடீரென்று முகம், கழுத்து, மார்பெல்லாம் குப்பென்று சூடேறி, வியர்த்துக் கொட்டி, பிறகு குளிரும். இதற்கு மருந்து கேட்டு வேறு மருத்துவரிடம் போகும்போது "டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்று சொல்லாமல் விடுவதுதான் சிக்கல். டமாக்சிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரலில் ஒரு என்சைம் அதை எண்டாக்ஸிஃபெனாக மாற்றிய பிறகே முழுப் பலன். மனச்சோர்வுக்கும் உடல்சூட்டுக்கும் எழுதப்படும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின், புப்ரோபியான் ஆகியவை அந்த என்சைமை முடக்கிவிடும். மேலே சொன்ன டுலாக்ஸெடினும் ஓரளவு அப்படித்தான். லெட்ரோசோலோடு அது பிரச்சினையில்லை, டமாக்சிஃபெனோடு தவிர்ப்பது நல்லது. இதே சூட்டுக்கு வென்லாஃபாக்ஸின் 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை தரலாம்; இரவு வியர்வையில் தூக்கம் கெட்டால் இரவில் காபாபென்டின் உதவும். எல்லாமே சீட்டு எழுதி வாங்க வேண்டியவை.

வீட்டு வைத்தியத்திலும் கவனம் வேண்டும். சமையலில் போடும் மஞ்சள் ஒன்றும் செய்யாது. குர்குமின் கேப்ஸ்யூல், அதிலும் மிளகுச் சத்து சேர்த்தது, வேறு கதை: நெதர்லாந்தில் 2019-இல் வந்த சிறு ஆய்வில் அது எண்டாக்ஸிஃபென் அளவைக் குறைத்தது. மீல்மேக்கர், சோயா பால் உணவாகச் சாப்பிடலாம், சோயாச் சத்தைப் பிரித்தெடுத்த ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேண்டாம். பெண்களுக்கான டானிக், லேகியங்களில் தண்ணீர்விட்டான் கிழங்கு அடிக்கடி இருக்கும். ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் பொருட்கள் அதில் உள்ளதால் விலக்கி வையுங்கள்.

கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகும்போது தீட்டைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையும் ஹார்மோன்தான். கடையில் கேட்டதும் தருவார்கள் என்பதற்காக அதை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

தீட்டு நின்றுவிட்டது என்று நம்புவது

நாற்பது வயதில் கீமோ முடிந்தபின் மாதவிடாய் நின்றுபோனால் சினைப்பை உறங்கிக்கொண்டு மட்டும் இருக்கலாம். மெனோபாஸ் வந்துவிட்டது என்று உடனே எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலையில் லெட்ரோசோலைத் தனியாகச் சாப்பிட்டால் சினைப்பை மறுபடி விழித்துக்கொள்ளலாம். குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் கருமுட்டையைத் தூண்டக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான். அதனால்தான் இளவயதினருக்கு 28 நாளுக்கு ஒருமுறை சினைப்பையை அடக்கும் கோசெரெலின் 3.6 மி.கி. போன்ற ஊசியையும் சேர்த்துப் போடுகிறார்கள். பண்டிகை, பிள்ளைகள் பரீட்சை என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. இடையில் ரத்தம் பட்டால் உடனே சொல்லுங்கள், ரத்தத்தில் எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) அளவைப் பார்ப்பார்கள்.

டமாக்சிஃபென் கருத்தடை மாத்திரையும் இல்லை. தீட்டு வராத மாதங்களிலும் கரு நிற்கலாம், சிசுவுக்கு அது ஆபத்து. காப்பர்-டி அல்லது ஆணுறை போதுமானது; ஹார்மோன் உள்ள கருத்தடை எதுவும் கூடாது.

எலும்புக்கு அளவு தெரியாமல் கொடுப்பது

லெட்ரோசோல் வகை தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து, பிறகு ஒன்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கால்சியம் உணவும் மாத்திரையுமாக ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி. போதும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340, ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 240 மி.கி. கிடைக்கும். மிச்சத்துக்குத்தான் மாத்திரை; ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடம்பு சரியாக ஏற்காது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் 8 வாரத்துக்கு மட்டும். அதைத் தினமும் விழுங்கியோ, யாரும் சொல்லாமலே வருடக்கணக்கில் தொடர்ந்தோ, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்பவர்கள் உண்டு.

எலும்பைக் காக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றுவதாக இருந்தால் முதலில் பல் மருத்துவரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி ஆறவிடுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எலும்புக்கான இன்னொரு மருந்தான டெனோசுமாப் ஊசி என்றால் தவணை தவறவே கூடாது. திடீரென நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து கூடுகிறது.

பிறப்புறுப்பு வறட்சியை வாய்விட்டுச் சொல்லாதது

தாம்பத்தியத்தில் எரிச்சலும் வலியும் வந்து, கணவரிடம்கூடச் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்பவர்கள் அதிகம். மருத்துவரும் பல நேரம் கேட்பதில்லை, நீங்களே கேளுங்கள். ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரம் இரண்டு மூன்று இரவு உள்ளே வைப்பதும், உறவின்போது நீர் சார்ந்த லூப்ரிகன்ட் பயன்படுத்துவதும் பெரும்பாலோருக்குப் போதும். ஆணுறை இருந்தால் தேங்காய் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும். சோப்பு போட்டு உள்ளே கழுவுவது வறட்சியைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் க்ரீமைப் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், குறிப்பாக லெட்ரோசோல் வகையில் இருந்தால்.

டமாக்சிஃபெனில் தேவையில்லாத ஸ்கேனும் தேவையான பயமும்

அறிகுறி எதுவுமில்லாமல் வருடா வருடம் கருப்பை ஸ்கேன் எடுப்பது பலனைவிடப் பதற்றத்தையே அதிகம் தரும். டமாக்சிஃபென் கருப்பை உட்சுவரை ஸ்கேனில் தடித்ததுபோலக் காட்டும். அதைப் பார்த்துத் தேவையில்லாமல் சுரண்டி எடுப்பதும், சில நேரம் கருப்பையையே எடுப்பதும் நடக்கிறது. கவனிக்க வேண்டியது ரத்தப்போக்கை. மெனோபாஸுக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை வேண்டும்.

டமாக்சிஃபெனால் ரத்தம் உறையும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. பெரிய ஆபரேஷன் எதற்கும் முன் அதை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேளுங்கள். நீண்ட பஸ், விமானப் பயணத்தில் மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல், இரவானாலும் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும்போது மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.