மாட்ரிடிலிருந்து செகோவியா: ஒரே நாளில் போய் வர

மாட்ரிடுக்குப் போகிறவர்கள் ஒரு நாளைப் பக்கத்திலுள்ள பழைய ஸ்பானிய ஊரான செகோவியாவுக்கு ஒதுக்கலாம். அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். ரயில் புறப்படுவது சமார்டின் நிலையத்திலிருந்து. பழக்கத்தில் மாட்ரிடின் இன்னொரு பெரிய ரயில் நிலையமான அட்டோச்சாவுக்குப் போய் நிற்காதீர்கள். ஏறுமுன் பைகளை ஸ்கேன் செய்வார்கள், சற்று முன்னதாகவே போய்விடுங்கள்.

இறங்கும் கியோமார் நிலையம் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. பதறவேண்டாம். வாசலில் வரும் 11ஆம் எண் பஸ் நேராக ரோமானிய நீர்ப்பாலத்தின் அடியில் கொண்டுபோய் விடும். ஊருக்குத் தண்ணீர் கொண்டுவர, சாந்தே பூசாமல் கருங்கற்களை அடுக்கியே எழுப்பிய பாலம் அது. உயரம் சுமார் 28 மீட்டர். கீழே நின்று பார்ப்பதோடு விடாமல், பக்கத்துப் படிக்கட்டில் ஏறி மேலிருந்தும் பாருங்கள்.

அங்கிருந்து பேராலயம் வழியாக அல்காசர் கோட்டைக்கு நடந்தே போகலாம். கோட்டைக் கோபுரத்தில் 150க்கு மேற்பட்ட படிகள், அதுவும் குறுகலானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் கோட்டை அறைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். கல் பாவிய தெருக்களுக்கு நல்ல காலணி அவசியம். ஊரின் பெயர்பெற்ற உணவு பால்குடிப் பன்றிக்குட்டி வறுவல். சைவ உணவு சாப்பிடுபவர்கள் கையில் ஏதாவது எடுத்துச் செல்வது நல்லது. திரும்பும் டிக்கெட்டையும் முன்பே வாங்கிவிடுங்கள், வார இறுதியில் இடம் கிடைப்பது கடினம்.